சீனரின் தூரிகை கற்பிக்கும் பாடம்: மரபும் புதுமையும்

பார்த்தெழுதும் பயிற்சி பிள்ளையின் ஆற்றலை வளர்க்குமா, முடக்குமா? எழுத்தறிவிக்கும் ஆசிரியர் எவரும் இவ்வினாவை ஒருநாள் எதிர்கொள்ள நேரும். ஊரில் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், உறுப்பெழுத்துக் கொப்பிகளில் கோட்டை மீறிய எழுத்துகளையெல்லாம் சிவப்பு மையினாற் சுழித்தவன் நான். அது முறைதானா என்னும் ஐயம் பின்னாளில் எழுந்தது. அவ்வையம் உடையோர் சீனரின் எழுத்தணிக்கலை வரலாற்றை நோக்குதல் நன்று. பார்த்தெழுதுதலையே அடிப்படைப் பயிற்சியாகக் கொண்டு, நூற்றாண்டுகள் பலவாகப் புதியனவற்றையும் ஈன்றுவரும் கலை அது.

பயிற்சி முறை

தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கையும் சீனர் கற்றோர் அறையின் நான்கு செல்வங்கள் என்பர். மைக்கட்டியை நீர்விட்டுக் கல்லில் உரைத்தே மை ஆக்குவர். தூரிகையின் முனை மென்மையானது. தாளோ மையை உடனே உறிஞ்சுவது. ஆதலால் ஒருமுறை இழுத்த கோட்டை அழித்துத் திருத்த இயலாது.

தொடக்கத்தில் மாணாக்கன் சிவப்பு நிறத்தில் அச்சிட்ட எழுத்துகளின் மீதே தூரிகையை ஓட்டுகின்றான். பின்னர் மூல எழுத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துப் படியெடுக்கின்றான். அதன்பின் மூலத்தை அருகில் வைத்துப் பார்த்து எழுதுகின்றான். இறுதியில் மூலத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுகின்றான். என்றென்றும் எனப் பொருள்படும் 'யோங்' என்ற ஓர் எழுத்தில் அடிப்படைக் கோடுகள் எட்டும் அடங்கியிருத்தலால், அதனைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுதலும் உண்டு.

இருபது வடிவங்கள்

இக்கலையின் தலைமகனாகப் போற்றப்படுபவர் நான்காம் நூற்றாண்டினரான வாங் ஷீச்சி. கி.பி. 353ஆம் ஆண்டின் இளவேனிலில் லான்திங் என்னுமிடத்தில் நீரோடைக் கரையில் நண்பர்கள் கூடிப் பாடல்கள் இயற்றினர். அவற்றுக்கு அவர் எழுதிய முன்னுரை 28 வரிகளும் 324 எழுத்துகளும் கொண்டது. அதனுள் 'சி' என்னும் ஓர் எழுத்து ஏறக்குறைய இருபது இடங்களில் வருகின்றது. அவ்விடங்களில் அதன் வடிவம் ஒன்றுபோல் ஒன்று இல்லை. இலக்கணம் ஒன்றாயிருக்க, வடிவம் இருபதாயிற்று.

அம்முன்னுரையின் மூலச்சுவடி இன்று இல்லை. அதன்பால் பெருங்காதல் கொண்ட தாங் வமிசப் பேரரசர் தாய்சோங்கின் கல்லறைக்குள் அது அவருடன் வைக்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. இன்று நாம் காண்பவை படியெடுத்தோர் கைகள் காத்துத் தந்த படிகளே. பார்த்தெழுதுதலை இழிவென்று அக்காலத்தோர் எண்ணியிருப்பின், வாங் ஷீச்சியின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

துயரம் எழுதிய எழுத்து

எட்டாம் நூற்றாண்டினரான யென் சென்சிங் (709–785) அரச அலுவலர். முறையான பயிற்சியில் தேர்ந்தவர். கி.பி. 755இல் ஆன் லூஷான் என்னும் தளபதி கலகம் விளைத்தபோது, யென் சென்சிங்கின் ஒன்றுவிட்ட தமையனாரும் அவர் மைந்தரும் கலகக்காரரை எதிர்த்து உயிர் துறந்தனர். அப்பெறாமகனின் தலை மாத்திரமே பின்னர்க் கிடைத்தது. 758இல் அவனுக்கு இரங்கலுரை வரைய அமர்ந்தார் யென் சென்சிங்.

அவ்வரைவு இன்று தாய்பேய் நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. சொற்கள் வெட்டப்பட்டுள்ளன, இடையே புதுச்சொற்கள் செருகப்பட்டுள்ளன, மை வற்றியபின்னும் தூரிகை ஓடிய தடங்கள் தெரிகின்றன. அழகுக்காக எழுதப்பட்டதன்று அது. ஆயினும் லான்திங் முன்னுரைக்கு அடுத்த இடத்தில் வைத்து அதனைப் போற்றுகின்றனர் சீன அறிஞர். பல்லாண்டுப் பயிற்சி கையில் ஊறியிருந்தமையாலேயே, விதிகளை நினைக்கவியலாத அவ்வேளையிலும் அவர் கை நிலைகுலையவில்லை.

அவருடைய திருத்தமான எழுத்தோ வாங் ஷீச்சியின் நளினத்தினின்று வேறுபட்டது. தடித்தது, அகன்றது, உறுதி மிக்கது. சோங் காலத்து மீ ஃபூ போன்ற வல்லுநரே அதனைக் குறை கூறினர். எனினும் காலம் வேறு தீர்ப்பு வழங்கியது. இன்று சீனச் சிறுவர் பலர் தூரிகை பிடித்ததும் முதலிற் பார்த்தெழுதும் மாதிரிகளுள் ஒன்று, 752இல் அவர் எழுதிய கல்வெட்டே. அன்றைய புதுமை இன்றைய பாலபாடமாயிற்று.

பழமைக்குட் புதுமை

புதுமை முன்னோக்கியே பிறக்கும் என்பதுமில்லை. படிகளின் படிகளைப் பார்த்தெழுதி எழுத்துச் சோர்வுற்றிருந்த 18ஆம் நூற்றாண்டில், தெங் ஷிரூ போன்றோர் வாங் ஷீச்சிக்கும் முற்பட்ட கற்பொறிப்புகளை நாடினர். மிகப் பழையவற்றிலிருந்து புதிய வலிமை பிறந்தது. நம் காலத்தில் ஷூ பிங் என்னும் கலைஞர், ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைச் சீன எழுத்துப்போற் சதுரத்துள் அடுக்கித் தூரிகையால் எழுதும் முறையை 1994 முதல் உருவாக்கினார். சீன எழுத்தின் கட்டமைப்பை நன்கறிந்த கையன்றி வேறெதுவும் அதனை ஆக்கியிராது.

விசைப்பலகை பெருகியதால் எழுத்து வடிவங்கள் மறந்துபோகும் கவலை இன்று சீனருக்கும் உண்டு. 2011இல் சீனக் கல்வி அமைச்சு, 3ஆம் வகுப்பு முதல் 6ஆம் வகுப்பு வரை வாரந்தோறும் ஒரு பாடவேளை எழுத்தணிக்கலைக்கு ஒதுக்குமாறு பணித்தது.

பெற்றோரே, மாணவச் செல்வங்களே! பார்த்தெழுதுங்கள், அதற்கு நாணவேண்டா. ஆனால் பார்த்தெழுதுதலோடு நின்றுவிடவும் வேண்டா. என் தொடக்க வினாவுக்குச் சீனரிடம் நான் பெற்ற விடை இதுவே: பயிலாத கை கோட்டை மீறினால் அது தவறு, பயின்ற கை மீறினால் அதன் காரணத்தை ஆசிரியன் கேட்டறிதல் வேண்டும். இப்பொழுதும் என் மேசையிற் சிவப்புப் பேனா இருக்கின்றது. சுழிப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, இவ்வெழுத்தை ஏன் இப்படி எழுதினாய் என்று பிள்ளையிடம் கேட்கப் பழகிவருகின்றேன்.