விதைநெல்லும் விளைநிலமும்

விளைச்சல் குறைந்தவிடத்து விதையைப் பழிப்பது நம் கமக்காரரிடையே பெருவழக்கு. அயலூரில் ஏக்கருக்கு நூறு புசல் கண்ட இனம் தம் வயலில் ஐம்பதைத் தாண்டவில்லையெனின், அடுத்த போகத்துக்கு வேறு விதை தேடப் புறப்படுவர். ஓரினம் தரக்கூடிய உச்ச விளைவு அதன் பிறப்பிலேயே அமைந்துள்ளது. அதில் எவ்வளவு களத்தை வந்தடையும் என்பதை நீரும் வெயிலும் மண்ணும் பசளையுமே தீர்மானிக்கின்றன.

பண்டைய நாட்டினங்கள் உயர்ந்து வளர்வன. நைதரசன் பசளையைக் கூட்டினால் அவை கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். 1950களின் பிற்பகுதியில் வந்த எச் 4 என்னும் இனம் இக்குறையை ஓரளவு குறைத்தது. 1970இல் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பி.ஜி. 11-11உம் அதன் பின்வந்த குட்டை இனங்களும் கூடிய பசளையை உண்டும் நிமிர்ந்து நின்றன. ஆயின், உண்ணக் கொடுத்தாற்றான் அவை விளையும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2021/22 பெரும்போகத்தில் விதை அதே விதை, வயல் அதே வயல். நாட்டின் நெல் விளைவோ முந்திய பெரும்போகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. சேதனப் பசளையின் நைதரசன் மெதுவாகவே வெளிப்படுவதாதலின், பயிர் மட்டம் வெடிக்கும் வாரங்களில் வேண்டிய அளவு அதற்குக் கிடைக்கவில்லை. அவ்விழப்பை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வயலில் நின்றவர் அறிவர்.

இனத்தின் பெயரிலேயே சில குறிப்புக்கள் உள்ளன. பி.ஜி. என்பது பத்தலகொடையையும், பி.டபிள்யூ. பொம்புவலையையும், ஏ.ரி. அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். பின்வரும் இலக்கம், மிகப் பழைய இனங்கள் நீங்கலாக, வயதைக் காட்டும்: பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 352 மூன்றரை மாதம். பயிர் பூப்பது அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாளுக்கு முன்னராகும். ஆகவே 105 நாள் நெல் 75ஆம் நாளையொட்டிப் பூக்கும். அக்காலத்தில் வயல் வரண்டால் மணி பிடியாது பதராகும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் மீளாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீர் எத்தனை நாளுக்குப் போதுமெனக் கேட்டறிந்து, அந்நாளுக்குள் அடங்கும் வயதையே தெரிக. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வன்னி வயலுக்கு விதை வாங்கி அனுப்பும் உரித்தாளர், குத்தகைக்காரரைக் கேளாது அனுப்புதல் தகாது.

கொழும்பு, களுத்துறை மாவட்டங்களின் தாழ்ந்த வயல்களில் இடர் வேறு. அங்கு நீருக்குக் குறைவில்லை, வடியாமையே குறை. நீர் தேங்கிய சேற்றில் இரும்பு கரைந்து வேரைத் தாக்கும். நீரின்மேல் எண்ணெய்போன்ற செம்படலம் மிதத்தலும், இலை நுனியிலிருந்து கபிலப் புள்ளிகள் பரவுதலும் இதன் அடையாளம். இதனை நோயென்று மருந்து தெளிப்போரும் உளர், பணமே வீண். வடிகால் வெட்டி, பொட்டாசுப் பசளையைத் தவறாதிட்டு, பொம்புவலை தந்த பி.டபிள்யூ. 267-3 போன்ற தாங்குமினத்தை விதைத்தலே வழி. மேலும் இப்பகுதியில் முகில் மிகுதி. கதிர் முற்றும் நாட்களில் வெயில் குன்றுவதால், நீர் குன்றாத உலர்வலய வயலின் விளைவை இங்கு எதிர்பார்த்தல் ஆகாது. கடலோர உவர் நிலத்துக்கு ஏ.ரி. 354 உகந்தது.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும். வெங்காயம் குமிழ் கட்டுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. பதினான்கு மணிநேரப் பகலுள்ள தேசத்து விதையை, ஏறக்குறையப் பன்னிரண்டு மணிநேரமே பகலாயுள்ள நம் நாட்டில் நட்டால் தாள் செழிக்கும், குமிழ் திரளாது. விதைப் பெட்டியில் அழகிய படத்தைக் கண்டு மயங்காது, இனம் எத்தேசத்துக்குரியதென விசாரித்து வாங்குக.

புதிய இனமொன்றைக் கேள்விப்பட்டவுடன் வயல் முழுவதும் விதைத்தல் வேண்டா. ஒரே வரம்புக்குள் இரு சிறு பாத்திகளை அளந்து, ஒன்றில் வழக்கமான இனத்தையும் மற்றதில் புதியதையும் ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு பசளையும் நீரும் இடுக. அறுவடையின்போது இரண்டையும் வெவ்வேறாகத் தூற்றி, காயவைத்து நிறுத்து எழுதிக்கொள்க. இரு போகத்துக் கணக்கு கைவசமிருப்பின், கமநல சேவை நிலையத்துக்கு வரும்போது அதனையும் உடன் கொணர்க.