லங்காஸ்டர் விமானமும் எழுவரும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய குண்டுவீச்சு விமானங்களுள் தலையாயது லங்காஸ்டர். 1941 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்த இவ்வகையில் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. எஞ்சின்கள் நான்கு; உள்ளே செல்வோர் எழுவர்.

விமானி, பொறியாளர், வழிகாட்டி, குண்டு வீசுபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி வீரர் இருவர் ஆகியோரே அவர்கள். பெரும்பாலும் இருபதைச் சற்றே கடந்த இளைஞர்கள். தாமே விரும்பி முன்வந்தவர்கள். இவர்களுள் வால்பகுதித் துப்பாக்கி வீரரின் நிலையே மிகக் கொடிது. தோழர்களைப் பிரிந்து, உறையவைக்கும் குளிரில், இருளை உற்று நோக்கியபடி பல மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். இடமின்மையால் அவருடைய பாராசூட்டும் கூண்டுக்கு வெளியேதான் இருக்கும். விமானம் தீப்பற்றினால், திரும்பி அதை எடுத்த பின்னரே குதிக்க இயலும்!

முப்பது தாக்குதல்களை முடித்தால் ஓய்வு உண்டு. ஆயின் அதனை எட்டாமலே மடிந்தோர் பலர். அக்குண்டுவீச்சுப் படையின் ஏறத்தாழ 1,25,000 வான்வீரர்களுள் 55,573 பேர் மாண்டனர்.

கீழேயும் மனிதர்கள் இருந்தனர் அன்றோ? 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் மூண்ட தீப்புயலில் குழந்தைகள் உட்படப் பல்லாயிரவர் வெந்து மடிந்தனர். வானிலிருந்து நோக்கியோர்க்கு அது வெறும் செந்நிற ஒளி.

நம்மையொத்த வயதினர் அவ்வெழுவர். அவர்தம் துணிவைப் போற்றுவோம். அத்துணிவைப் போர் எதற்குப் பயன்படுத்திற்று என்பதையும் மறவாதிருப்போம்.