நிற்கும் என்று தெரிந்தே எழுது

அன்புள்ள கயல்,

மூன்று நாள் ஓடவேண்டிய சிமுலேஷன் பாதியில் நின்றுவிட்டது, இன்னும் பெரிய கணினி கிடைத்தால் இந்தத் தொல்லை இராது என்று எழுதியிருந்தாய். கணினி பெரிதாகப் பெரிதாகத் தொல்லையும் கூடும், கயல்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு கணு, அதாவது பெரிய கணினிக்குள் இருக்கும் ஒரு தனிக் கணினி, பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுதாகிறது என்று வைத்துக்கொள். அருமையான கணுதான். அப்படிப்பட்ட 10,000 கணுக்கள் சேர்ந்த சூப்பர் கம்ப்யூட்டரில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்று விழும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஃபிரான்டியரில் 9,000க்கும் மேற்பட்ட கணுக்கள். எல்லாக் கணுக்களும் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்வதால், ஒன்று விழுந்தால் பெரும்பாலும் மொத்த ஓட்டமும் போய்விடும்.

இதற்கு வழக்கமான மருந்து செக்பாயிண்ட். அவ்வப்போது கணக்கின் நிலையைக் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, விழுந்தால் அங்கிருந்து தொடர்வது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது என்பதற்கு ஜான் யங் 1974இல் ஓர் எளிய சூத்திரம் தந்தார். எழுத ஆகும் நேரத்தையும் இரு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடு. எழுத 3 நிமிடம், பழுது 10 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் 60 நிமிட இடைவெளி வரும்.

ஆனால் எதை எழுதிவைப்பது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதைக் கணக்கை அறிந்தவர்தான் சொல்லமுடியும். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் புளூ ஜீன்/எல் கணினியில் 2007இல் நடந்ததை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். உருகிய செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று உரசி ஓடும்போது எழும் அலைச்சுருள்களை, 900 கோடி அணுக்களை வைத்து, 2,12,992 பிராசசர்களில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பிராசசர்களின் முதல்நிலை கேஷில் ஒரு பிட் புரண்டால் வன்பொருளால் கண்டுபிடிக்கமுடியும், திருத்தமுடியாது. அப்படியே விட்டால் ஓட்டம் அதோடு முடிந்தது. அவர்களோ அந்த எச்சரிக்கையைப் புரோகிராமே வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அணுக்களின் நிலையை மெமரியிலேயே நகலெடுத்து வைத்திருந்து, பிழை வந்ததும் அந்த நகலுக்குத் திரும்பி அங்கிருந்து தொடர்ந்தார்கள். வட்டைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலைக்கு, சூப்பர் கம்ப்யூட்டர் கணிப்புக்கான கோர்டன் பெல் பரிசு அவ்வாண்டில் கிடைத்தது.

உன் கணக்கும் அந்த வகைதான். அணுக்களின் இடமும் வேகமும் இருந்தால் விசைகளை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம், அவற்றைச் சேமிக்காதே. ரேண்டம் எண்களைப் பயன்படுத்தினால் அந்த உருவாக்கியின் நிலையையும் சேர்த்துவை. பலர் விட்டுவிடுவது இதைத்தான். புதிய கோப்பு முழுதாக எழுதி முடியும்வரை பழையதை அழிக்காதே, ஏனென்றால் எழுதும்போதே கணு விழலாம். யாருக்கும் தெரியாமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் பிழைகளும் உண்டு. மொத்த ஆற்றல் மாறக்கூடாத கணக்கு என்றால், சேமிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்.

இந்த வாரமே ஒரு சிறிய ஓட்டத்தை நடுவில் நீயே நிறுத்தி, செக்பாயிண்டிலிருந்து தொடங்கிப் பார். நிறுத்தாமல் ஓடியதன் விடையோடு ஒப்பிடு. பல பிராசசர்களில் கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் சற்று விலகலாம். ஆற்றலோ வெப்பநிலையோ தொடங்கிய இடத்திலேயே துள்ளினால், எதையோ சேமிக்க மறந்திருக்கிறாய். அப்போது கோப்பை எனக்கு அனுப்பு, சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
சித்தப்பா