தவறிப்போன விலையும் ஹலாலான வியாபாரமும்

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இணையத்தில் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் தள்ளுபடி விற்பனையில், 4,500 ரூபாய் மிக்ஸிக்கு 45 ரூபாய் என்று விலை போட்டிருந்ததாம். தவறு என்று தெரிந்துகொண்டே அவருடைய மகன் ஆறு மிக்ஸிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு ஒன்று, விற்க ஐந்து! "விலை போட்டது அவர்கள்தானே அத்தா, நாம் பொய் சொல்லவில்லையே" என்கிறானாம். இது கூடுமா என்பது கேள்வி.

தள்ளுபடியில் வாங்குவது குற்றமல்ல. பொருளுக்கு உரியவன் மனமுவந்து பாதி விலைக்கும் கொடுக்கலாம், இலவசமாகவும் கொடுக்கலாம். ஆனால் மனமுவந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திருக்குர்ஆன் 4ஆவது அத்தியாயம் 29ஆவது வசனம், பிறர் பொருளை முறைகேடாக உண்பதைத் தடுத்து, இரு தரப்பாரும் பொருந்திக்கொண்ட வியாபாரத்தையே அனுமதிக்கிறது. கை தவறி விழுந்த எண்ணில் விற்பவனின் பொருத்தம் எங்கே இருக்கிறது?

வெளியூர் வணிகர்கள் சந்தை நிலவரம் அறியாமல் சரக்கோடு வருவார்கள். அவர்களை வழியிலேயே மறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்த பின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை அளித்தார்கள். அங்கும் விலைக்குச் சம்மதித்தது விற்றவர்தான். ஆனாலும் அவருடைய அறியாமையை ஆதாயமாக்கிக்கொள்ள இடம் தரவில்லை.

நம் காலத்தில் சிங்கப்பூரில் ஒரு வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் 'டிஜிலேண்ட்மால்' என்ற இணையக் கடையில், ஊழியர் ஒருவரின் தவறால் 3,854 வெள்ளி பெறுமான பிரிண்டருக்கு 66 வெள்ளி என்று விலை விழுந்துவிட்டது. 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தனர். கடைக்காரர் மறுக்கவே, அவர்களில் ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606! நள்ளிரவு தாண்டி ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டு வாங்கியிருக்கிறார்கள். தவறு என்று தெரிந்தே வாங்கியதால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 2004இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

விலை குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் வியாபாரம் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொது விதி. அதைக் கேட்டு மகன் மகிழவேண்டாம். சட்டத்தில் செல்லுவது ஒன்று. தெரிந்தே பிறர் தவறைப் பிடித்துக்கொள்வது வேறொன்று.

ஜரீர் (ரலி) அவர்களின் ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு விலை பேசி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதைவிட அதிகம் பெறும் என்று உரியவரிடம் சொல்லி, தாமே விலையை ஏற்றி ஏற்றி 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் (ஸல்) கொடுத்த வாக்கே அதற்குக் காரணம்.

"அது பெரிய கம்பெனி, முஸ்லிமுடையதும் அல்ல" என்பாரும் உண்டு. ஹிஜ்ரத் இரவில், தம்மைக் கொல்லத் துடித்த மக்காவாசிகளின் அமானிதங்களையும் ஒப்படைத்து வரும்படி அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அல்லவா! ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடையில் பையன் 50க்குப் பதில் 500 ரூபாய் நோட்டைச் சில்லறையாகத் தந்தால் திருப்பிக் கொடுக்கிறோம். கடைக்காரர் முகம் தெரியாவிட்டால் சட்டம் மாறுமா?

ஆகவே சகோதரரே, பொருள் வருமுன் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லுங்கள். வந்துவிட்டால் கம்பெனிக்குத் தவறைத் தெரிவித்து, திருப்பித் தரவோ சரியான விலை தரவோ தயார் என்று எழுதச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது ஹலால். தெரியாமல் வாங்கியவர் மீது குற்றமில்லை. தெரிந்த பின் மறைப்பதே குற்றம்.

45 ரூபாய் மிக்ஸியில் அரைத்த சட்னி ருசிக்கலாம், பரக்கத் இராது. நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை அல்லாஹ் ஹலாலாக்கி வைப்பானாக! ஆமீன்.