என்ட்ரி போடும்போது ராக், அறிக்கை எழுதும்போது?

கேள்வி: வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் உட்காரவே மனம் வராது. குயீன், ஏசி/டிசி என்று துள்ளலான ராக் பாட்டுகளைப் போட்டுக்கொண்டால் டேலியில் என்ட்ரி மளமளவென்று ஓடுகிறது. அதே பாட்டோடு மாத அறிக்கை எழுதினால் ஒரு பத்தி தாண்டுவதில்லை. "பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை பார்த்தா உருப்பட்ட மாதிரிதான்" என்கிறார் அப்பா. பாட்டு உதவுகிறதா, கெடுக்கிறதா?
- வாசகி, கோவை

பதில்: இரண்டும்தான். என்ட்ரி போடுவது கை பழகிய வேலை. அங்கே உங்களுக்கு எதிரி சலிப்பு. வேகமான தாளம் உடம்பை உசுப்பி, அந்தச் சலிப்பை விரட்டுகிறது.

அப்பாவிடம் ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள். 1940 ஜூனில், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டனின் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகவே பிபிசி வானொலி 'மியூசிக் வைல் யூ ஒர்க்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1967 வரை ஓடியது. தூங்க வைக்கும் மெட்டுக்கு அதில் இடமில்லை. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற பாட்டுக்குத் தடையே போட்டார்கள். அதில் இடையிடையே கைதட்டல் வரும். தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு, கையிலிருக்கும் கருவியாலேயே தட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம்! எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, நாள் முழுக்கப் பாட்டை ஓடவிடவில்லை என்பது. தொடக்கத்தில் காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி, அவ்வளவுதான். நீங்களும் அலுப்புத் தட்டும் நேரத்துக்கென்று பாட்டைச் சேமித்து வையுங்கள்.

அறிக்கை விஷயம் வேறு. நீங்கள் ஒரு வாக்கியத்தை மனதில் கட்டும்போது, பாடகர் இன்னொரு வாக்கியத்தை உள்ளே தள்ளுகிறார். "எனக்குப் பிடித்த பாட்டு என்னைத் தொந்தரவு செய்யாது" என்பார்கள். ஆனால் வேல்ஸில் உளவியல் ஆய்வாளர் நிக் பெர்ஹாமும் சக ஆய்வாளரும் 2011இல் வெளியிட்ட சோதனையில், வரிசையாக நினைவில் வைக்கும் வேலையைப் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒரேபோலக் கெடுத்தன. ஆகவே என்ட்ரி முடிந்து தொகைகளைச் சரிபார்க்கும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிடுவது நல்லது. எண் பிசகினால் குயீனின் ஃப்ரெடி மெர்க்குரி வந்து திருத்தமாட்டார்.

அறிக்கை நாளில் பாட்டை வேலைக்கு முன்னால் கேளுங்கள். குயீனின் 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்' நிமிடத்துக்குச் சுமார் 156 தட்டுகள் ஓடும் பாட்டு. மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். எழுந்து நின்று, முடிந்தால் ஆடிக்கொண்டே கேளுங்கள். முடிந்த கையோடு உட்கார்ந்து முதல் வாக்கியத்தை எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் சரி. அடுத்த பாட்டைத் தேடினீர்களோ, அரை மணி நேரம் போச்சு. இரண்டே பாட்டை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், பலமுறை கேட்டதாக இருக்கட்டும். புதுப் பாட்டு கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும்.

சத்தமில்லாமல் எழுதவே வராது என்றால், பாடல் வரி இல்லாத ராக் இருக்கிறது. ஜோ சாட்ரியானியின் 'சர்ஃபிங் வித் தி ஏலியன்' (1987) முழுக்க கிதார்தான். ஒலியை மட்டும், பக்கத்தில் அப்பா பேசினால் காதில் விழும் அளவுக்குக் குறைத்து வையுங்கள்.