''மொதல்ல கையை எடுங்க, சார்!''

சாயங்காலம் ஆறரை மணி. மனைவியோடு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருக்கிறீர்கள். சிக்னலில் உங்கள் ஹேண்டில்பார் பக்கத்து பைக்கின் கண்ணாடியில் லேசாக இடித்துவிடுகிறது. அவ்வளவுதான்! பைக்காரர் ஸ்டாண்ட் போட்டுவிட்டு எகிறிக்கொண்டு வருகிறார். ''கண்ணு தெரியல?''

நீங்கள் சண்டைக்குப் போகிறவர் இல்லை. ''விடுங்க தம்பி...'' என்று சமாதானமாக அவர் தோளில் கை வைக்கிறீர்கள். உடனே, ''யோவ், யார் மேல கை வெக்கிற?'' வாய்ச்சண்டை கைகலப்பாகிவிட்டது!

நல்லெண்ணத்தோடுதானே தொட்டீர்கள், ஏன் இப்படி?

கோபத்தில் இருப்பவர் உடம்பில் அட்ரினலின் பாய்ந்துகொண்டிருக்கும். இதயம் படபடக்கும், தசைகள் முறுக்கேறும். நிதானமாக யோசிப்பது பின்னுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் முன்பின் தெரியாதவர் கை மேலே பட்டால், ஆறுதலா, அடியா என்று அவர் அலசிப் பார்க்க மாட்டார். தட்டிவிடுவார். நாலு பேர் வேடிக்கை பார்த்தால் மானப் பிரச்னையும் சேர்ந்துகொள்ளும்.

'லேசாத்தான் தள்ளினேன்!'

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் சொல்வது இதுதான். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை! லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். இருவர் மாறி மாறி மற்றவர் விரலை அழுத்த வேண்டும். வாங்கிய அதே அளவு அழுத்தத்தைத்தான் திருப்பித் தர வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. காரணம், நாம் கொடுக்கிற அழுத்தத்தை நம் மூளை குறைத்தே உணர்கிறது; வாங்கியது முழுசாக உறைக்கிறது. கோபமே இல்லாத விரல்களுக்கே இந்தக் கதி என்றால், நடுரோட்டில்?

தள்ளுமுள்ளில் ஒருவர் மல்லாக்க விழுந்து பின்மண்டை தார் ரோட்டில் மோதினால், உள்ளே ரத்தம் கசியலாம். ''ஒண்ணுமில்லே'' என்று எழுந்து நடந்தவர்கூட சில மணி நேரம் கழித்து மயங்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் - எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வயதானவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

1988-ல் பாட்டியாலாவில் ரோட்டில் நடந்த ஒரு தகராறு கைகலப்பாகி, 65 வயதுப் பெரியவர் இறந்துபோனார். அவரை அடித்துக் காயப்படுத்திய குற்றத்துக்காக கிரிக்கெட் வீரர் சித்துவுக்கு சுப்ரீம் கோர்ட் ஒரு வருடக் கடுங்காவல் விதித்தது 2022-ல். முப்பத்து நான்கு வருஷம் கழித்து!

சரி, என்ன செய்யலாம்?

* இரண்டு கை நீள தூரம் தள்ளி நில்லுங்கள். அவர் முன்னே வந்தால் நீங்கள் ஓரடி பின்னால் போங்கள்.

* உள்ளங்கை தெரிகிற மாதிரி கைகளை மார்புக்கு நேராக வையுங்கள். விரலை நீட்டிப் பேசாதீர்கள். சட்டை, வண்டிச் சாவி, செல்போன் எதையும் தொடாதீர்கள்.

* குரலைத் தாழ்த்தி, ''தப்புதாங்க, ஸாரி. கண்ணாடிக்கு என்ன ஆச்சு, பார்க்கலாம்'' என்று பேச்சைக் கண்ணாடிக்குக் கொண்டுபோங்கள்.

* அப்படியும் அடங்கவில்லையா? ஆட்கள் இருக்கும் கடைப் பக்கம் நகர்ந்து 112-ஐக் கூப்பிடுங்கள். அவர் கை ஓங்கிவிட்டால் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தடுத்துவிட்டு விலகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

* இல்லத்தரசிகளுக்கு: பயத்தில் கணவரின் கைகளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளாதீர்கள். எதிராளி அடித்தால் அவரால் முகத்தைக்கூட மறைத்துக்கொள்ள முடியாது. எதிராளியையும் தொட்டு விலக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று, ''வாங்க, நாம போகலாம்'' என்று சத்தமாகக் கூப்பிடுங்கள். கோபத்தில் இருக்கும் கணவருக்கும், 'தோற்று ஓடினோம்' என்ற எண்ணமில்லாமல் கிளம்ப அது ஒரு நல்ல சாக்கு!