மாப்பிள்ளைக்கு, முட்டி விஷயமாக

கம்மவான்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது.

லீவில் வந்திருந்தபோது மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்கினாயாம். கல்யாண வீட்டில் கீழே உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாயாம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் போனில், "வாலிபால் ஆடினேன் மாமா, லேசா பிடிச்சுக்கிச்சு" என்றாய். அடுத்த வருஷம் பென்ஷனில் வரப்போகிறவன் மாமாவிடம் அப்படிச் சொல்லலாம். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் சொன்னால் வம்பு. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வலியை ஏன் மறைத்தாய் என்று தெரியாதவன் இல்லை நான். ஷேப்-1 மெடிக்கல் கேட்டகரி போனால் கேடர் கோர்ஸ் போச்சு, பிரமோஷன் போச்சு. யூனிட் ஆபீசில் கிளார்க்காக உட்கார்ந்திருந்தபோது உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முட்டியில் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, அது தெரியாமல் மேலே ட்ராக் பேன்ட் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் உனக்குப் பிரமோஷன் கதை முடிந்துவிட்டது. இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்? நல்ல கேட்டகரியோடு வெளியே வந்துவிட்டு, பிறகு "முட்டி போச்சு" என்று விண்ணப்பம் போடுகிறவர்கள் படும் பாட்டை இந்த ஊரில் வந்து பார். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர், சாட்சிக்குப் பஞ்சமில்லை.

எவ்வளவு வலிக்கிறது என்று பார்த்து யாரும் பென்ஷன் போடுவதில்லை. அந்த முட்டிக்கும் உன் சர்வீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று காகிதம் சொல்ல வேண்டும். வயதானால் எல்லோருக்கும் மூட்டு தேய்கிறது, இதில் ராணுவம் எங்கே வந்தது என்பதுதான் போர்டின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இன்றைய எக்ஸ்ரேயில் இல்லை, பழைய பதிவில்தான் இருக்கிறது. ஜவ்வு கிழிந்த முட்டி சில வருஷத்தில் தேயும், எந்த எலும்பு டாக்டரும் ஒப்புக்கொள்வார். ஆனால் ஜவ்வு கிழிந்தது டியூட்டியில்தான் என்பதை யார் ஒப்புக்கொள்வது? லே பக்கம் பாரத்தோடு இறங்கும்போது வழுக்கி விழுந்தாயே, அன்றைக்கு இஞ்சுரி ரிப்போர்ட் போட்டார்களா? ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவம். போட்டிருந்தால் அதன் நகல் வாங்கு. போடவில்லை என்றால், அன்று உன்னோடு இருந்தவர்கள் இப்போது எந்தெந்த யூனிட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, எழுதி வாங்கி வை. யூனிட் டாக்டரின் எம்.ஐ. ரூம் பதிவேட்டில் அந்தத் தேதியில் உன் பெயர் இருக்கிறதா என்றும் கேள்.

போர்டு பேப்பரில் ஒரு பகுதி இருக்கிறது. நோய் எப்போது, எங்கே ஆரம்பித்தது என்று உன்னையே கேட்பார்கள். பார்க்க ஒன்றுமில்லாத கட்டம். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு நாயக் போன மாதம் தன் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பனியில் இரண்டு வருஷம் இருந்தவர். அங்கேயே முட்டி வீங்கியிருக்கிறது, மாத்திரையைப் போட்டு ஓட்டியிருக்கிறார். போஸ்டிங் மாறி, போர்முனை அல்லாத பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டத்தில் அந்த ஊர் பெயர், அந்தத் தேதி. போர்டின் முடிவு ஒரே வரி: ஆரம்பம் பீஸ் ஸ்டேஷனில், சர்வீஸால் வந்ததும் இல்லை, சர்வீஸால் கூடியதும் இல்லை. கீழே அவருடைய கையெழுத்து, படிக்காமல் போட்டது. நீயும் முதல்முதலாகக் காட்டியது செகந்திராபாத்தில்தானே? அப்படியானால் ஸ்பெஷலிஸ்ட் கேட்கும்போதே லேயில் விழுந்ததிலிருந்து சொல். கேஸ் ஷீட்டில் அவர் அதை எழுதினால்தான் நாளைக்குக் கட்டத்தில் வரும்.

பட்டாளத்து ஆட்கள் அட்ரிபியூட்டபிள், அதாவது சர்வீஸால் வந்தது, என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அக்ரவேட்டட், அதாவது சர்வீஸால் கூடியது, என்று இன்னொரு வழியும் இருக்கிறது. நோய் உடம்பின் சொந்த நோயாகவே இருக்கட்டும், முடக்குவாதமாகக்கூட இருக்கட்டும். குளிரும் சுமையும் ஓட்டமும் அதை மோசமாக்கின என்று காட்டினால் அதற்கும் உரிமை உண்டு.

டீக்கடையில் தரம்வீர் சிங் தீர்ப்பைப் பற்றிச் சொல்வார்கள். வலிப்பு நோயால் அனுப்பப்பட்ட சிப்பாய். 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லை என்றால் நல்ல உடம்போடு சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும், பிறகு வந்த குறை சர்வீஸால் அல்ல என்றால் போர்டுதான் காரணம் எழுத வேண்டும் என்றது. பெரிய தீர்ப்பு, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தீர்ப்பு. ஆனால் அது பழைய விதிகளை வைத்துச் சொன்னது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள். உன்னைப் போலச் சர்வீஸை முடித்துக் குறையோடு வருகிறவருக்குக் கிடைப்பதற்கு இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் தீர்ப்பை மட்டும் நம்பிக்கொண்டிராதே.

தொகையும் அப்படித்தான். பழைய விதியில் வந்த எங்கள் ஆட்களுக்கு 100 சதவீதக் குறை என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 50,000 ரூபாய் வாங்கியவருக்கு 15,000. 20 சதவீதக் குறைக்கு 3,000தான். ராம் அவதார் வழக்கில் 2014இல் தீர்ப்பு வந்த பிறகு 50க்குக் கீழே இருப்பதை 50ஆக உயர்த்திக் கணக்குப் போட்டார்கள், அதே ஆளுக்கு 7,500 ஆனது. இந்தக் கணக்கை யாராவது சொன்னால் கேட்டுக்கொள், ஆனால் அதை நம்பி வீட்டுக்கு மேல்மாடி எழுப்பக் கடன் வாங்காதே. உனக்குப் புதிய விதியின் கணக்கு, ரெக்கார்ட் ஆபீசில் எழுத்தில் கேள்.

இன்னொன்று. இருப்பதைக் கூட்டிச் சொல்லாதே. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்துதான் எழுதுவார்கள், பரிசோதனை மேஜையில் நொண்டிவிட்டு வெளியே பைக்கை உதைத்துக் கிளப்பினால் போர்டு டாக்டர்களுக்குக் கண் இல்லையா? நிஜமாகவே கால் போனவனுடைய பேப்பரையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்தது இந்த நடிப்புதான். எனக்கு அப்படி நடிக்கிறவர்கள் மேல் இரக்கமே இல்லை. அதேபோல, ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. சிகிச்சையை மறுத்தாயா என்றும் போர்டு கேட்கும்.

ஒருவேளை நிராகரித்தால் அந்தக் கடிதத்தில் தேதி பார். ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். பிறகு இரண்டாவது. அதற்கும் பிறகுதான் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பத்து வருஷம் கழித்துப் போய் ஜெயித்தாலும் பாக்கி பெரும்பாலும் வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் தருவார்கள், 2008இல் தர்சேம் சிங் வழக்கில் அப்படி முடிவாகியிருக்கிறது. அரியரில் பங்கு கேட்டு வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிலர் சுற்றுகிறார்கள். அவர்களிடம் ஒரிஜினலைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

நாளைக்குக் காலை சிக் ரிப்போர்ட்டில் பேர் கொடு. எக்ஸ்ரே, கேஸ் ஷீட், இருக்கிற எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, தேதிவாரியாக அடுக்கித் தருகிறேன், எனக்கு இங்கே வேறென்ன வேலை. அக்கா கொடுத்தனுப்பிய தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துக்கொள். எம்.ஐ. ரூமுக்குப் போய்விட்டு வந்து தேய்.

இப்படிக்கு,
உன் மாமா